பதினொன்றில் நிற்கும் முள்

ஜூன் 3

இன்று சொல்லாமல் விட்டது: பதினான்கு அதிகம்.

காலையில் எங்கள் ஆலையில் பீர் காய்ச்சும் ஜெரோம், டேங்கின் வாயு ரெகுலேட்டரைத் திருகியபோது நான் வாளியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பதினொன்றைத் தாண்டி, பன்னிரண்டைத் தாண்டி, பதினான்கில் நின்றது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, முளைவிட்ட பார்லி மூட்டைகள் இருக்கும் மால்ட் அறைக்குப் போய்விட்டார். நான் வாய் திறந்திருக்கலாம். தரையைக் கழுவினேன்.

பதினொன்று அவர் எனக்குச் சொல்லித் தந்த எண் அல்ல. ஜனவரியில் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தது. எங்கள் பொன்னிற பீரில் கொத்தமல்லி விதையும் காய்ந்த கிச்சிலிப்பழத் தோலும் சேர்க்கிறோம். குளிர்ந்த டேங்கில் பதினொன்று அழுத்தத்தில் ஒரு வாரம் வாயு ஏறினால், கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, சற்றுமுன் பழம் உரித்த கை போல மணக்கும். வாயு குறைந்தால் அது ஏதோ ஊறிய தண்ணீர். கூடினால் நாக்கில் ஊசி. ஊசி குத்தும்போது யாரும் மணத்தைக் கவனிப்பதில்லை. அன்று ஒன்பது, பத்து, பன்னிரண்டு எல்லாவற்றையும் குடித்துப் பார்த்து, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கிளாஸுக்குக் கை நீட்டினோம். தொழில் சம்பந்தமான தகவல் என்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் கடற்கரைச் சாலை ஹோட்டல்காரர்கள் சுவை பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் ஓனர் வில்லியனூர் பக்கம் பெரிய ஆலை கட்டுவார். ஜெரோம் அங்கே போவார். இந்த ஆலை என் கைக்கு வரும். உதவியாளர் இல்லை, பீர் காய்ச்சுகிறவள். ஜெரோமே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அந்த வேலை எனக்கு வேண்டும். இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் இதைச் சொல்ல முடியாது. சிதம்பரத்தில் அம்மாவிடம், பாண்டிச்சேரியில் ஒரு ஈஸ்ட் கம்பெனியில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்.

ஜூன் 8

டேங்கிலிருந்து மாதிரி எடுத்துச் சுவைக்கும் நாள். ஜெரோம் இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை என்னிடம் தந்தார்.

"முதல்ல நீ சொல்லு, அரசி."

சொன்னேன். கிச்சிலி முன்னால் வருகிறது, கொத்தமல்லி பின்னால், அடியில் ரொட்டிப் பொருக்கு மாதிரி லேசாக ஒன்று. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானும் குடித்து, "கரெக்ட்" என்றார். நான் சொன்ன அதே வரிசையில் அட்டையில் எழுதினார்.

முன்பெல்லாம் அவர்தான் முதலில் சொல்வார், நான் தலையாட்டுவேன். ஏப்ரலில் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தபிறகு இந்த மாற்றம். உன் மூக்கு என் மூக்கைவிட நல்ல மூக்கு என்றார் ஒருநாள். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா வீடு என்றால் இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. இவர் மூன்று வருடம் பிரான்சில் பீர் காய்ச்சப் படித்தவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்குப் பெரிய விஷயம். வாடகை அறைக்குத் திரும்பியதும் கண்ணாடியில் மூக்கைப் பார்த்தேன். என் அப்பாவின் மூக்கு. சற்றுப் பெரியது.

ஜூன் 12

பீர் அடைக்கும் கெக்குகளைக் கழுவினேன். மழை வருவது போல இருந்து வரவில்லை. முள் பதினைந்தில்.

ஜூன் 17

ஆலையை ஒட்டிய எங்கள் பாரில் சண்டை. ஊற்றிக்கொடுக்கும் கலிவரதனை ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். கிளாஸில் கால்பங்கு நுரை, காசு மட்டும் முழுசா என்பது அவர் கட்சி.

இங்கே நுரை என்றால் ஏமாற்று. பதினைந்து வருடம் ஒயின்ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்த கலிவரதனுக்கு இது நன்றாகத் தெரியும். ஓனர் எத்திராஜுலுவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அந்த ஒயின்ஷாப்புகளே அவருடையவை. அதனால் கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்ற வேண்டும், விளிம்பு வரை பீர் நிற்க வேண்டும், நுரை வந்தால் கரண்டியால் வழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. பீரிலிருக்கும் வாயுவில் ஒரு பங்கு கிளாஸிலேயே நுரையாக வெளியேற வேண்டும். அங்கே வெளியேறாதது வயிற்றில் போய் வெளியேறும். பதினொன்றில் இருந்தவரை இதைச் சமாளிக்க முடிந்தது.

"மூணு கிளாஸ் ஊத்தினா ஒரு கிளாஸ் சாக்கடைக்கிப் போவுது மேடம்" என்றார் கலிவரதன். "மீதிய குடிக்கிறவனும் ரெண்டாவது கிளாஸுல பலூன் மாதிரி ஆயிட்றான். ஏப்பம் விட்டுகினு எழுந்து போறான். மூணாவது கேக்கறவனே இல்ல. முசே கையில சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு."

ஜெரோமை அவர் முசே என்றுதான் கூப்பிடுவார். நான் சொன்னால் ஏன் கேட்பார் என்று கேட்டேன். கலிவரதன் கரண்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

ஜூன் 23

மால்ட் அறையில் பெருச்சாளி செத்துவிட்டது. மூட்டைகளுக்கு அடியில் எங்கேயோ. காலையில் கதவைத் திறந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூட்டை இறக்க வந்த இருவரும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். கலிவரதன் பினாயில் வாங்கப் போனார்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து ஜெரோம் பொட்டலம் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்னியைத் தொட்டு, நிதானமாக. என்னைப் பார்த்ததும், "இன்னா ஆச்சி, ஏன் எல்லாரும் வெளிய நிக்கறீங்க?" என்றார். அடுத்த நொடி என் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார். பொட்டலத்தை மடித்தார். "ஆமா, தாங்க முடியல" என்று எழுந்து வந்தார்.

இன்று சொல்லாமல் விட்டது எது என்று எழுதத் தேவையில்லை.

ஜூன் 24

செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்.

மாதிரி எடுக்கும் நாள் இல்லை. நானே இரண்டு கிளாஸில் ஊற்றிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். "முதல்ல நீ சொல்லு" என்றார். எப்போதும் போல மென்மையாக.

வாழைப்பழ வாசனை வருகிறது, ஜெரோம், என்றேன்.

அந்தக் கிளாஸில் வாழைப்பழம் இல்லை. அதன் நிழல்கூட இல்லை. அவர் கிளாஸைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தார், ஒரு வாய் குடித்தார். சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார். "லேசா இருக்குது."

கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வந்து கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்தவற்றையும் எடுத்துக் கழுவினேன்.

ஜூன் 25

மூக்கு போனாலும் நாக்கு இருக்கிறது. கசப்பு தெரியும், புளிப்பு தெரியும், வாயுவின் குத்தல் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. காது மந்தமானவர் ரேடியோவைக் கூட்டிக்கொண்டே போவதைப் போல அவர் அந்தக் குத்தலைக் கூட்டிக்கொண்டே போகிறார். அது ஒன்றுதான் இன்னும் அவரிடம் வந்து சேர்கிறது.

இது இரக்கப்பட வேண்டிய விஷயம். இரக்கப்படுகிறேன். ஆனால் மேலே, ஜூன் எட்டாம் தேதி எழுதியதை இப்போது படித்தேன். முதலில் நீ சொல். நல்ல மூக்கு. கரெக்ட். கண்ணாடியில் பார்த்துக்கொண்டதையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழித்தால் எதிர்ப்பக்கமும் கழன்றுவிடும்.

ஜூலை 2

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறார். நான் ஆறு மணிக்குப் பூட்டுகிறேன். பூட்டுவதற்கு முன் ரெகுலேட்டரைக் குறைத்து, டேங்கின் மேல்பக்கம் தேங்கிய அழுத்தத்தை மெல்லத் திறந்துவிட்டு, முள்ளைப் பதினொன்றில் நிறுத்திவிட்டு வருகிறேன். காலையில் அவர் பதினாறுக்கு ஏற்றுகிறார். வாயு பீருக்குள் இறங்கவும் நாளாகும், வெளியேறவும் நாளாகும். ஆக, பகலில் அவருடைய பீர், இரவில் என்னுடைய பீர், பாரில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முள் தானாகவா இறங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. நான் படித்த நாவல்களில் பெண்கள் கடிதம் எழுதுவார்கள். நான் ரெகுலேட்டரைத் திருகுகிறேன்.

ஜூலை 9

ஜெரோம் பேக்கரியிலிருந்து பன் வாங்கி வந்தார். சூடு. "இன்னா வாசனை பாரு" என்று என்னிடம் நீட்டினார். அவ்வளவு இயல்பாக. ஒரு கணம் நானே தப்பாக நினைத்துவிட்டேனோ என்று தோன்றிவிட்டது. வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவர் நேற்றுப் போட்ட சட்டையையே இன்றும் போட்டு வந்திருந்தார். காய்ச்சலுக்கு முன்பு அவர் நடந்துபோனால் எலுமிச்சைப் புல் சோப்பு வாசனை வரும். இப்போது சிலநாள் வியர்வை, சிலநாள் எதுவும் இல்லை. இதையெல்லாம் கவனிப்பது என் வேலை அல்ல. மால்ட் அரைக்கும் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூலை 15

ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அறையில் ஏசி அதிகம். மேசையில் பெருமாள் படம், பக்கத்தில் காலி பீர் கிளாஸ்.

"இன்னாம்மா, பீரு போட்றீங்களா, சோடா போட்றீங்களா?"

அவர் குரலை இறக்கினார். ஜெரோமுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறதாம். என்னவென்றுதான் தெரியவில்லையாம். குடியா, கடனா, வேறு இடத்துக்குப் போகப் பார்க்கிறாரா? முப்பது வருடம் சாராய வியாபாரம் பார்த்தவன், ஆள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இந்த ஆள் முகம் மட்டும் பிடிபடவில்லை என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"நீ கூடவே இருக்கற. உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு. சொன்னா நாளைக்கே இந்த ஆலைய உன் கையில குடுத்துட்றேன். ஹோட்டல்காரன் வர வரைக்கும் காத்துகினு இருக்க வேணாம்."

எனக்கு வேண்டியது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கார்."

"ஒண்ணும் இல்ல?"

"இல்ல சார்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, போ. நீ சொன்னத ஞாபகம் வச்சிக்கறேன்."

ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நேர்மை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை வேறு. ஜெரோமுக்கு மூக்கில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் ஜெரோமுக்கு நான் தேவைப்படமாட்டேன். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூலை 25

தங்கை கல்யாணத்துக்காக ஜெரோம் காரைக்கால் போயிருக்கிறார். ஒரு வாரம் ஆகும். ஆலையில் நான் மட்டும். முள் காலையும் மாலையும் பதினொன்றில்.

நுரைக்கு ஒரு வழி தோன்றியது. நேரு வீதிப் பாத்திரக்கடை வாசலில் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டுகிறவர் இருக்கிறார். பார் கிளாஸ்களை அட்டைப்பெட்டியில் போட்டு அவரிடம் கொண்டுபோனேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே ஒரு கோடு வேண்டும் என்றேன். கண்ணாடியில் வெட்டியதில்லையே என்று தயங்கினார். முதல் இரண்டு கிளாஸும் உடைந்தன. மூன்றாவதில் கை பழகிவிட்டது. யார் பெயர் வெட்ட வேண்டும் என்று பழக்கத்தில் கேட்டார். பெயர் வேண்டாம், கோடு போதும் என்றேன்.

ஜூலை 29

கலிவரதன் இன்று கோடு வரை பீர், கோட்டுக்கு மேல் நுரை என்று ஊற்றினார். முதல் ஆள் முறைத்தபோது கோட்டைத் தொட்டுக் காட்டி, "இதுவரைக்கும்தான் துட்டு, மேல இருக்கறது கம்பெனி குடுக்கறது" என்றார். அந்த ஆள் நுரையை மீசையில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான்கு கிளாஸ் குடித்தார்.

மாலையில் நானும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு பின்பக்கம் கெக்கின் மேல் உட்கார்ந்தேன். கிச்சிலி வந்தது. கொத்தமல்லி வந்தது. குத்தவில்லை, கூசவில்லை, தொண்டையில் இறங்கும்போது மட்டும் சின்னதாக ஒரு துள்ளல். ஜனவரி வந்தது. கிளாஸை முடிக்கவில்லை.

ஓனர் கலிவரதனிடம், "முசே போறதுக்கு முன்னால சரி பண்ணிட்டுத்தான் போயிருக்கான், பாரு" என்றாராம். கலிவரதன் இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா மேடம்?"

"எதை?"

"சரிதான்" என்று கரண்டியை எடுத்து அலமாரிக்குள் போட்டார். இனி அதற்கு வேலை இல்லை.

ஆகஸ்ட் 2

ஜெரோம் திரும்பிவிட்டார். கல்யாணப் பலகாரம் ஒரு டப்பா எனக்கு. நேராக டேங்குக்குப் போய் மாதிரி எடுத்தார். இந்த முறை என்னை முதலில் சொல்லச் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார், நாக்கால் துழாவி எதையோ தேடுவது போல.

"ஒண்ணுமே இல்லியே அரசி" என்றார். "செத்துப்போன பீரு."

பார் நிறைந்திருந்தது. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. கிளாஸ் வைக்கும் ஓசை, யாரோ மறுபடியும் கேட்கும் குரல். அவருக்கும் கேட்டிருக்கும். முகம் எப்படியோ ஆகிவிட்டது. எல்லோரும் சிரிக்கும் அறைக்குள் பாஷை தெரியாமல் நுழைந்தவரின் முகம். அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், ஜெரோம், பரவாயில்லை, நான் இருக்கிறேன். இவ்வளவுதான். ஹோட்டல், ஓனர் யாரும் தேவையில்லை, நாம் இருவர் போதும், உங்கள் படிப்பும் என் மூக்கும்.

பலகாரம் நன்றாக இருந்தது என்றேன். டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

அவர் பதினெட்டுக்கு ஏற்றினார்.

ஆகஸ்ட் 11

பதினெட்டு. பதினொன்று. பதினெட்டு. பதினொன்று. திருகித் திருகி ரெகுலேட்டரின் பிடி தளர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19

அம்மா போன் செய்தாள். கும்பகோணத்திலிருந்து ஒரு வரன். பையன் வீட்டில் கம்பெனி பேர் கேட்கிறார்களாம்.

"ஈஸ்ட் கம்பெனின்னா பேர் இருக்கும்ல, அரசி. பேர் இல்லாம கம்பெனியா? அவங்க மாமா பாண்டிச்சேரிலதான் இருக்காராம், வந்து பாக்கறேங்கறார்."

இந்த மாதம் முடியட்டும் அம்மா, நானே எல்லாம் சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆலை கைக்கு வந்தால் அம்மாவை அழைத்துவந்து டேங்கைக் காட்டலாம். இது என்ன தெரியுமா, உன் மகள் செய்வது, என்று. திட்டுவாள், அழுவாள். ஆனால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். குளிர்ந்த எவர்சில்வரைத் தொடாமல் அவளால் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 26

நாளை ஹோட்டல்காரர்கள். மாலை பூட்டும்போது முள் பதினொன்றில். இந்த டேங்கை மட்டும் ஒரு வாரமாகப் பகலிலும் காத்துவந்தேன். அவர் ஏற்றினால் கால்மணி நேரத்தில் இறக்கினேன். கடைசி மாதிரி எடுத்தேன். சரியாக இருக்கிறது. இதைவிடச் சரியாக என்னால் செய்ய முடியாது.

ஆகஸ்ட் 27

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டரைக்கு வந்தபோது ஜெரோம் ஏற்கெனவே வந்திருந்தார். டேங்க் அறையில் வாயு சிலிண்டரின் உடம்பில் வியர்த்திருந்தது. நிறைய வாயு வேகமாக வெளியேறினால்தான் சிலிண்டர் அப்படிக் குளிரும். டேங்கின் அடியிலிருந்து நேராக வாயுவை ஏற்றினால் ஒரு வார வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முள் முப்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். நான் பார்க்கும்போது பதினெட்டு. ஜெரோம் புதுச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னிக்கி நல்லா வரும்" என்றார். நம்பித்தான் சொன்னார்.

இறக்க நேரமில்லை. அவர்கள் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள், ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும். கலிவரதன் குழாயைத் திறந்தார். கிளாஸில் நுரை மட்டும் வந்தது. அடுத்த கிளாஸிலும் நுரை. கோட்டுக்குக் கீழே நுரை, மேலே நுரை, மேசையில் நுரை, ஓனரின் வெள்ளைச் சட்டைக் கையில் நுரை. அந்தப் பெண் நாகரிகமாகக் காத்திருந்து, நுரை அடங்கியதும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளோடு வந்தவர், இதில் துணி துவைக்கலாம் என்று மற்றவரிடம் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

ஓனர் கத்தவில்லை. சட்டைக்கையைப் பிழிந்தார்.

"யாரு கடைசியா டேங்க தொட்டது?"

நான் ஜெரோமைப் பார்த்தேன். அவர் கோடு போட்ட கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயந்தரம் பூட்டிட்டுப் போனது அரசி" என்றார்.

பொய் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

"தெனம் அவதான் ரெகுலேட்டர மாத்தறா. நான் ஒண்ணு வச்சிட்டுப் போனா காலைல வேற இருக்குது."

அதுவும் பொய் இல்லை.

ஓனர் என் பக்கம் திரும்பினார். வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. அவருக்கு வாசனை தெரியாது சார், ஏப்ரலிலிருந்தே. ஆனால் அதைச் சொன்னால் ஓனர் என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"நான் அன்னிக்கே கூப்ட்டு கேட்டேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னவ நீதான?"

"ஆமா சார்."

"அப்ப தப்பு யாரு மேல?"

கலிவரதன், "சார், மேடம் வச்சப்பதான் பீரு நல்லா..." என்று ஆரம்பித்தார். நீ உன் வேலையைப் பார் என்றார் ஓனர். பொம்பளைப் பிள்ளையை டேங்க் பக்கம் விடாதே என்று அப்போதே எல்லோரும் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்றும் சொன்னார். மாதக் கடைசி வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார். அதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாக அவர் நினைத்தது தெரிந்தது.

ஆகஸ்ட் 28

மாதக் கடைசி வரை இருக்கவில்லை. என் ரப்பர் செருப்பையும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொள்ளப் போனேன். ஜெரோம் டேங்க் பக்கத்தில் நின்றிருந்தார். எதுவும் பேசாமல் வந்துவிட நினைத்திருந்தேன்.

"அன்னைக்கி அந்தக் கிளாஸ்ல வாழைப்பழம் இல்ல, ஜெரோம்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நம்ம ஈஸ்ட்ல அந்த வாசனை வராது. படிச்சவன்தான நானும்."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

அவர் குழாய் நுனியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"நீ பொய் சொல்ற ஆளு இல்ல. பொய் சொன்னன்னா, எனக்கு மூக்கு இல்லன்னு கண்டுபுடிச்சிட்டன்னு அர்த்தம். இல்லன்னு சொல்லியிருந்தா நீ மறுபடி மறுபடி சோதிச்சிருப்ப, வெளிய பேசியிருப்ப. ஆமான்னு சொன்னா பாவம்னு விட்டுடுவன்னு நெனச்சேன்."

நான் தெர்மாமீட்டரை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"நீயும் விட்டுட்ட" என்றார்.

தினமும் நான் குறைத்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஏற்றியிருக்கிறார். பதினெட்டில் ஏதோ ஒன்று நாக்கில் படுகிறதாம். பதினொன்று வெறும் தண்ணீராம். ஹோட்டல்காரர்களுக்குத் தண்ணீரை எடுத்து நீட்ட மனம் வரவில்லையாம். சரி, அது புரிகிறது என்றேன். என் பெயரை ஏன் சொன்னீர்கள்?

"உனக்கு மூக்கு இருக்குது அரசி. எங்க போனாலும் வேலை கெடைக்கும். எனக்கு இது ஒண்ணுதான்."

நியாயமான கணக்கு. அதில் தப்பு கண்டுபிடிக்க வழியெல்லாம் முயன்றேன். என்னைக் கேட்டிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன் என்பதைத் தவிர வேறு தப்பு கிடைக்கவில்லை. கேட்கவில்லை. கேட்காமலே கிடைக்கும் என்று தெரிந்திருக்கிறது.

ரெகுலேட்டரைப் பார்த்தேன். பழக்கத்தில் கை போனது. பதினொன்றில் வைத்துவிட்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை.

செப்டம்பர் 6

சிதம்பரம். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. இனி சொல்ல என்ன இருக்கிறது. கும்பகோணத்து மாமா பாண்டிச்சேரி முழுக்க விசாரித்துவிட்டு அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்றாராம். பேச்சு அதோடு நின்றுவிட்டது. அம்மா என்னோடு பேசுவதில்லை. சமையலறையில் பாத்திரங்கள் பேசுகின்றன.

செப்டம்பர் 30

கலிவரதன் போன் செய்தார். ஹோட்டல்காரர்கள் மறுபடி வந்தார்களாம், இந்த மாதம் இருபதாம் தேதி. பீர் பிடித்துவிட்டதாம். ஆர்டர் கிடைத்துவிட்டது. வில்லியனூரில் பூமிபூஜை போட்டாயிற்று.

முள் எதில் இருக்கிறது என்று கேட்டேன். பதினொன்றில்தான், நீங்கள் வைத்துவிட்டுப் போனதை முசே தொடவே இல்லை என்றார். கோடு போட்ட கிளாஸ் போதவில்லை, இன்னும் நூறு வெட்டக் கொடுத்திருக்கிறார்களாம்.

புதிதாக ஒரு பெண்ணை உதவிக்கு எடுத்திருக்கிறார்கள், கல்லூரி முடித்து இப்போதுதான் வந்தவள். தினமும் காலையில் முசே இரண்டு கிளாஸில் ஊற்றி, முதலில் நீ சொல்லு என்கிறாராம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம்.

திங்கட்கிழமை சென்னையில் ஒரு ஈஸ்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்.